எழுவாய் கேட்ட ஆசானுக்கு

நாவடக்கி நாயகத்தின் நன்மொழி காத்த நல்லாசானே! காதில் விழுந்ததையெல்லாம் கருத்தில் ஏற்றாது சலித்தெடுத்த சான்றோரே! எங்கள் அரபுக் கல்லூரியில் நபிமொழிப் பாடத்தின் தூணாய் நின்று இன்று விடைபெறும் ஹஜ்ரத் அவர்களே!

இம்மடலை ஒவ்வொரு சொல்லாய்ச் சரிபார்த்தே எழுதினோம். ஆதாரமின்றி ஒரு சொல் விழுந்தாலும் “யாரு சொன்னாங்க?” என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ஆகவே ‘வள்ளலே’ என்பதை அடித்துவிட்டோம். நீங்கள் எவருக்கும் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்த சாட்சி அகப்படவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல் மார்க்கத்தின் வழிகாட்டி என்பதாலேயே, அது யார் வாயிலிருந்து யார் காதுக்கு வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாய்த் தட்டிப் பார்த்தீர்கள். புகழ்பெற்ற பேச்சாளர் ஒருவர், மூலமில்லாத ஒன்றை நபிமொழி என்று சொல்லிக் கூட்டத்தைக் கண்ணீர்விட வைத்தார். நீங்கள் எழுந்து தடுத்தீர்கள். “நல்ல கருத்துதானே ஹஜ்ரத்?” என்று அவர் குழைந்தார். “நல்லதுதான். அப்ப நீங்க சொன்னதாவே சொல்லுங்க” என்றீர்கள்.

அக்கேள்வியெல்லாம் அப்போது பாடத்தோடும் மேடையோடும் நின்றது. உங்கள் துணைவியார் இறந்த பிறகோ, “நாளைக்கு லீவுன்னு சொன்னாங்க” என்றாலும் விடமாட்டீர்கள். மாணவர்கள் ‘யாருசொன்னாங்க ஹஜ்ரத்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

இம்மடலுக்குச் சாட்சி தேடித்தான் உங்கள் பக்கத்து வீட்டுத் தையற்கார அம்மாவிடம் போனோம். இனி வருவது அவர் கண்டதும் கேட்டதும். “என் பேர்ல வந்த குறைய மறைக்காம வாசிங்க” என்று நீங்கள் அனுமதித்ததால் வாசிக்கிறோம்.

துணைவியாரால் போக முடியாத ஒரு பெண்கள் பயானுக்கு, மார்க்கச் சொற்பொழிவுக்கு, அந்த அம்மா போய்வந்தார். என்ன பேசினார்கள் என்று துணைவியார் கேட்க, கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து என்ற நபிமொழியை அந்த அம்மா சரியாகவே சொன்னார். அதே மூச்சில், “பிரஷர் மாத்திரையெல்லாம் வேண்டாம்னு சொன்னாங்க” என்றும் சொல்லிவிட்டார். அவர் குறிப்பிட்டது பயானில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களை. துணைவியாரோ நாயகமே சொன்னதாக எடுத்துக்கொண்டு, நம்பிக்கையோடு மாத்திரையை நிறுத்தினார். உங்களிடமும், “மாத்திரை வேண்டாம்னு சொன்னாங்க” என்றார். பாடக்குறிப்பில் கண்ணாயிருந்த நீங்கள், பிறகு நீங்களே சொன்னபடி, டாக்டர் சொன்னதாக நினைத்து, “சரி” என்றீர்கள்.

ஒரு விடியலில், தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்யப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்தார்.

“நான்தான் கொன்னுட்டேனா?” என்று, துக்கம் கேட்க வந்த மையித்து வீட்டில் அந்த அம்மா கதறியபோது நீங்கள் சொன்னது இது: “நீங்க பொய் சொல்லலம்மா. யாருமே பொய் சொல்லல. யாருன்னு சொல்லல, அவ்வளவுதான். வகுப்புல ஆயிரம் தடவ கேக்குற நான், வீட்ல ஒரு தடவ கேக்கல.”

ஹஜ்ரத் அவர்களே! மரியாதைக்காக நாம் சேர்க்கும் ஒரு ‘ங்க’, நாயகத்தையும் மருத்துவரையும் முகம் தெரியாத கூட்டத்தையும் ஒரே பாயில் உட்கார வைத்துவிட்டது. இட்டுக்கட்டப்பட்ட செய்திக்குப் பொய்யன் ஒருவன் வேண்டும் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். எழுவாய் இல்லாத ஒரு நல்ல வாக்கியமே போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பட்டப்பெயருக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

ஓய்வுக்காலம் உங்களுக்கு இனிக்கும் என்று எழுத எங்களிடம் ஆதாரமில்லை. அந்த வீட்டுக்குத்தான் நீங்கள் திரும்பப் போகிறீர்கள். வல்ல இறைவன் உங்களுக்கு உடல்நலமும் நீண்ட ஆயுளும் தரவேண்டுமென்று கேட்கிறோம். கேட்பவர்கள் யாரென்பது கீழே இருக்கிறது:

இலக்கண ஆசிரியர். நூலகர். அலுவலக எழுத்தர். சமையற்காரர்.

கல்லூரியைச் சேராத ஒருவரும் தம் வாக்கியத்தைத் தாமே எழுதிக் கையொப்பமிடக் கேட்டார்:

“உங்க பிரஷர் மாத்திரைய நிறுத்திராதீங்க ஹஜ்ரத். நான் சொல்றேன். பக்கத்து வீட்டுத் தையற்காரி.”