நாலாவது பலகை

— காலை அழுத்தாதீங்க. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது.

— பழக்கதோஷம். காலமெல்லாம் ஸ்கூல் பஸ் ஓட்டினவனைப் பக்கத்து சீட்ல உட்கார வெச்சா கால் சும்மா இருக்குமா?

— கால் எப்படியோ போகட்டும், வாயாவது சும்மா இருக்கட்டும். ரெண்டு நாள் லீவு. ஏரி, காடு, பழைய கோட்டை. நிம்மதியா இருக்கலாம்னுதானே கிளம்பினோம்.

— நிம்மதியாவா? பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இழுத்துட்டுப் போறே.

— பரீட்சைன்னு ஆரம்பிச்சது நீங்க. கோட்டையில இருக்கற நாலு பலகையையும் பத்தடி தள்ளி நின்னு வாசிச்சுக் காட்டறேன், அதுக்கப்புறம் என் கண்ணைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னது யாரு?

— நான்தான். சொன்ன வார்த்தை மாற மாட்டேன். ஆனா நீயும் மாறக் கூடாது. நான் வாசிச்சுட்டா எங்க மேனேஜருக்கு நீ போன் பண்ணக் கூடாது.

— பண்ண மாட்டேன். வாசிக்கலைன்னா திங்கக்கிழமை காலையில அவருக்கு வர்ற முதல் போன் என்னோடது. இவருக்குக் கண்ணு தெரியல, பஸ்ஸைக் கையில கொடுக்காதீங்கன்னு சொல்லிடுவேன்.

— ஊர்ல அவளவ புருஷனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கறா. எனக்கு வாய்ச்சது இருக்கற வேலைக்கு வேட்டு வெக்குது.

— போன வாரம் அந்த மழைக்கோட்டுப் பாப்பா பஸ்ஸுக்குக் குறுக்க வந்தப்போ, ஆயா கத்தலைன்னா என்ன ஆகியிருக்கும்?

— அதையே எத்தனை தடவை கேப்பே? வெயில் நேரா கண்ல அடிச்சுது.

— மழைக்கோட்டு போட்டுட்டு வந்த பிள்ளை. மழையில ஏதுங்க வெயில்?

— ரோட்டைப் பார்த்து ஓட்டு.

— பார்த்துத்தான் ஓட்டறேன். எங்க கடைக்கு வந்தா அஞ்சு நிமிஷத்துல சோதிச்சுடலாம். இந்தக் கோட்டை கொத்தளம் எல்லாம் எதுக்கு?

— உங்க கண்ணாடிக் கடைக்குள்ள கால் வெச்சவன் எவனாவது கண்ணாடி இல்லாம வெளிய வந்திருக்கானா? கூர்க்காவையே விட மாட்டீங்க. அதுவுமில்லாம உனக்கு வர்றவன் எல்லாருமே ஏமாத்தறவன்.

— ஏமாத்தறாங்களே, நான் என்ன பண்ண? கண்ணாடி போடாம தப்பிக்கணும்னு, உள்ள இருக்கற ஆள் எழுத்து அட்டையை வாசிக்கறதை வெளிய பெஞ்ச்ல உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் பண்ணிடறாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. அதனாலதான் ஆளுக்கு ஆள் அட்டையை மாத்திடுவேன்.

— பெரிய டாக்டரம்மா. போலீஸ்ல சேர்ந்திருக்க வேண்டிய ஆளு.

— டாக்டரும் இல்ல, போலீசும் இல்ல. அட்டையைக் காட்டற ஆளு, அவ்வளவுதான். முட்டை வேக வெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், வேணுமா?

— குடு. இதைப் போய்க் கேக்கணுமா?

* * *

— இந்த ஏரியைப் பார்த்ததும் பாதி அலுப்பு போயிடுச்சு. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க.

— ரூம்கூட நல்லாத்தான் இருக்கு. ஜன்னலைத் திறந்தா நேரா தண்ணி.

— அந்தக் கரையில பறவைங்க உட்கார்ந்திருக்கு. எத்தனைன்னு சொல்லுங்க பார்க்கலாம்.

— இதுவும் பரீட்சையில சேர்த்தியா?

— இல்ல. சும்மா கேட்டேன்.

— சும்மா கேட்டியா. இரு, இப்பப் பாரு.

— ஐயோ, எதுக்குக் கை தட்டினீங்க? எல்லாம் பறந்துடுச்சு.

— பறக்கறதைப் பார்க்கத்தான் அழகு. உட்கார்ந்திருக்கறதை எண்ணி என்ன பண்ணப் போறே?

— நான்கூட எண்ணி முடிக்கல. சரி, விடுங்க. கோட்டைக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் இங்க நிதானமா உட்காரலாம்.

— அதுவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்க. பாதை மேடும் பள்ளமுமா இருக்கு. நீ விழுந்துடப் போறே.

— நான் விழுந்துடுவேனா? சரி, பிடிச்சுக்கறேன்.

* * *

— இந்தச் செம்மண் எப்படி ஒட்டுது பாருங்க. புதன்கிழமை உங்க ஷூவைக் கழுவினேனே, அதுலயும் இதே மாதிரிதான் அப்பிட்டிருந்தது.

— டிப்போ வாசல்ல குழி தோண்டிப் போட்டிருக்கான். அந்த மண்ணு. பலகை வந்துடுச்சு. பத்தடி இது போதுமா?

— இன்னும் கொஞ்சம் பின்னாடி. அங்கதான். இப்ப வாசிங்க.

— “கோட்டை முகப்பு. ஆற்றில் வந்துபோன வணிகப் படகுகளைக் காப்பதற்காக இக்கோட்டை கட்டப்பட்டது. அதாவது, இங்கே அரசர் எவரும் வாழவில்லை. காவல் வீரர்களே தங்கியிருந்தனர்.”

— சரி. அடுத்த வரி.

— “கதவில் காணப்படும் குழிகள் முற்றுகையின்போது ஏற்பட்டவை. பார்வையாளர்கள் சுவரில் பெயர் எழுத வேண்டாம்.” போதுமா டாக்டரம்மா?

— ஒரு நிமிஷம். ‘அதாவது’ எங்க இருக்கு?

— எது எங்க இருக்கு?

— ‘அதாவது, இங்கே அரசர் எவரும்’னு வாசிச்சீங்க. பலகையில ‘இங்கே அரசர் எவரும்’னுதான் இருக்கு.

— அட, அதுவா. உனக்கு நல்லாப் புரியட்டுமேன்னு நான் சேர்த்துக்கிட்டேன். வெறுமனே வாசிச்சா பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கற மாதிரி இருக்கும்ல.

— எனக்குப் புரியறதுக்கா? நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எழுத்துகூடத் தப்பில்லீங்க. பெயர் எழுத வேண்டாம்னு அடியில பொடியா போட்டிருக்கே, அதைக்கூட விடல.

— சொன்னா நம்பினாத்தானே. இதுல என்ன இருக்கு.

— நம்பறேன். உங்களுக்கென்ன, படுத்ததும் குறட்டை விட்டுடறீங்க. அந்தப் பாப்பா விஷயத்துக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரல. இன்னிக்குத்தான் மனசு லேசா இருக்கு.

— அழாதே. இப்ப எதுக்கு அழறே?

— சந்தோஷத்துலதாங்க. வாங்க, அடுத்த பலகைக்குப் போகலாம்.

* * *

— கிணறு ஆச்சு, தானியக் கிடங்கும் ஆச்சு. மூணும் முடிஞ்சுது. இன்னும் ஒண்ணே ஒண்ணு, மேல காவல் கோபுரத்துல. ஏறிடலாமா?

— மூச்சு வாங்குது. கொஞ்சம் நிழல்ல நிக்கலாம். அங்க யாரோ வர்றாரு பாருங்க.

— யாரு? எங்க?

— வணக்கம்மா. வணக்கம் சார். நான் இந்தக் கோட்டையோட வாட்ச்மேன். டிக்கெட் கிழிக்கறதும் நான்தான், பெருக்கறதும் நான்தான்.

— வணக்கங்க. ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க.

— அதாவதும்மா, ஆள் வந்தாத்தானே குப்பை. வாரத்துக்கு ரெண்டு பேர் வந்தாலே அதிகம்.

— என்ன சொன்னீங்க?

— அதாவது, இங்க யாரும் அவ்வளவா வர்றதில்லைன்னு சொன்னேன்.

— ஓ.

— என்ன, அவரையே வெச்ச கண்ணு வாங்காம பார்க்கறே? வா, மேல போகலாம். பலகையை முடிச்சுட்டு வந்து ஏரியில காலை நனைச்சுட்டு உட்காரலாம்.

— சார், மேல வேண்டாம் சார்.

— ஏன்?

— அதாவது, தேன்கூடு கட்டியிருக்கு. கொட்டினா வீங்கிடும்.

— நாம கல்லால அடிச்சாத்தானே அது கொட்டும்.

— படியும் சரியில்ல சார்.

— நூறு பிள்ளைங்களை மலைப்பாதையில ஏத்தி இறக்கினவன்யா நான். எனக்குப் படி ஒரு விஷயமா?

— சார், ஒரு நிமிஷம் இப்படித் தனியா வந்தீங்கன்னா—

— எதுக்குத் தனியா? எனக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல ஒளிவு மறைவே கிடையாது. எதுவா இருந்தாலும் இவ முன்னாடியே சொல்லு.

— இல்ல சார், நேத்து காத்து ரொம்ப அடிச்சுது, அதான்.

— காத்து அடிச்சா என்ன? இப்ப அடிக்கலையே.

— ஏங்க, அவர் என்னமோ சொல்ல வர்றாரு. தனியாப் போய்க் கேட்டுட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்.

— ஒண்ணும் கேக்க வேண்டாம். டிப்ஸுக்கு அடி போடறான். நீ கையைக் குடு, ஏறலாம்.

— வாட்ச்மேன், இவரை இதுக்கு முன்னாடி நீங்க பார்த்திருக்கீங்களா?

— யாரையும்மா? சாரையா? அதாவது, இங்க எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க. முகம் எப்படி ஞாபகம் இருக்கும்?

— வாரத்துக்கு ரெண்டு பேர் வந்தாலே அதிகம்னு இப்பதானே சொன்னீங்க.

— வெயில் ஏறுதும்மா. பார்த்துப் போங்க. நானும் பின்னாடியே வர்றேன்.

* * *

— அப்பாடா. மேல வந்தாச்சு. காத்து எப்படி வருது பாத்தியா?

— ம். ஆறு முழுசும் தெரியுது. தண்ணி வளைஞ்சு வளைஞ்சு போறதைப் பார்த்துட்டே இருக்கலாம் போல.

— ஆமா, ஆமா. நல்லாத்தான் இருக்கு.

— ஏங்க.

— என்ன?

— இந்தப் பலகையை விட்டுடலாமா? மூணு வாசிச்சீங்களே, போதும். கீழ போயிடலாம்.

— அதெப்படி? நாளைக்கே நாலாவதை வாசிக்கலைன்னு ஆரம்பிப்பே. உன்னைத் தெரியாதா எனக்கு?

— ஆரம்பிக்க மாட்டேன். உங்களுக்கு என்கிட்ட எதாவது சொல்லணும்னா, அதைச் சொல்லுங்க. வாசிக்க வேண்டாம்.

— எனக்கு என்ன சொல்ல இருக்கு? எந்தப் பக்கம் பலகை? தோ, கம்பம் நிக்குது.

— தெரியுதா?

— ஏன் தெரியாம? குத்துக்கல் மாதிரி நிக்குதே. மத்த மூணும் எப்படி இருந்துதோ அப்படித்தான் இருக்கு.

— சரி. பத்தடி தள்ளி நில்லுங்க. வாசிங்க.

— “காவல் கோபுரம். இங்கிருந்து பார்த்தால் ஆற்றின் மூன்று வளைவுகளும் தெரியும். ஆற்றில் புதிய படகு தென்பட்டால் காவலர் மணியடித்துக் கீழே உள்ளவர்களுக்கு அறிவிப்பார்.”

— சரி. அடுத்த வரி.

— “பிற்காலத்தில் மணி உருக்கப்பட்டது. அது தொங்கிய கொக்கியை மட்டும் இப்போதும் காணலாம்.” அவ்வளவுதான். பார்த்தியா, இந்தத் தடவை ‘அதாவது’கூடப் போடல.

— ஆமா. போடல.

— என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஜெயிச்சவன் நான். கொஞ்சம் சிரிக்கலாம்ல.

— கிட்ட வாங்க. கையைக் குடுங்க. இதைத் தொட்டுப் பாருங்க. என்ன இது?

— கம்பம்.

— மேல?

— சட்டம். பலகையோட சட்டம்.

— கையை உள்ள விடுங்க.

— உள்ளன்னா?

— சட்டத்துக்கு நடுவுல. விடுங்க. எதாவது தட்டுப்படுதா?

— இல்ல.

— அங்க பலகையே இல்லீங்க.

— என்னை மன்னிச்சுடுங்கம்மா. நேத்து அடிச்ச காத்துல பலகை கழண்டு விழுந்துடுச்சு. பெயின்ட் அடிக்கலாம்னு கீழ எடுத்து வெச்சிருக்கேன். அதைத்தான் சார்கிட்டச் சொல்லப் பார்த்தேன். காதுல வாங்கிக்கவே இல்ல.

— புதன்கிழமை வந்தாரா?

— வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேன்னாரு. காலையில பஸ்ல வந்துட்டு மத்தியானம் வரைக்கும் இருந்தாரும்மா. ஒவ்வொரு பலகையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு. வீட்டம்மாவை அசத்தணும்யா, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னாரு. நானும் ஏதோ விளையாட்டுன்னு நெனச்சேன்.

— உங்க மேல ஒரு தப்பும் இல்ல. கொஞ்சம் கீழ இருக்கீங்களா? நாங்க வந்துடறோம்.

— சரிம்மா. சார், படியில பார்த்து.

* * *

— உட்காருங்க. இப்படி, சுவர்ல சாஞ்சுக்குங்க.

— எப்போ தெரிஞ்சுது உனக்கு?

— அந்த வாட்ச்மேன் வாயைத் திறந்து ‘அதாவது’ன்னப்பவே.

— அப்பவே போட்டு உடைச்சிருக்கலாம்ல? இங்க வரைக்கும் ஏத்திவிட்டு, வெறும் சட்டத்தைப் பார்த்து வாசிக்க வெச்சு என்னைக் கோமாளி ஆக்கிட்டியே.

— நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். வாசிக்க வேண்டாம்னுகூடச் சொன்னேன். அப்புறம் பாதியிலயாவது நிறுத்தலாம்னு நெனச்சேன், முடியல. அவ்வளவு அழகா வாசிச்சீங்க. ஒரு நிமிஷம் எனக்கே அங்க பலகை இருக்கற மாதிரி இருந்துச்சு.

— முழுசா தெரியாம இல்ல. வெளிச்சம் தெரியுது. ரோடு தெரியுது. ஆளுங்க நிழல் மாதிரி தெரியறாங்க.

— நிழல் மாதிரி தெரியற பிள்ளைங்களை ஏத்திக்கிட்டா தினமும் போறீங்க?

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தாங்க.

— உனக்குப் புரியாது. காலையில கதவைத் திறந்ததும் ஒவ்வொண்ணா குட் மார்னிங் சொல்லிக்கிட்டு ஏறும். அதுக்காகத்தான் எழுந்திரிக்கறேன். பஸ் போயிட்டா வீட்ல சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். சுவரும் தெரியாது.

— ஆபரேஷன்ல சரியாகறதா இருந்தா சரியாகட்டும். ஆகலைன்னா நான் இருக்கேன். ஆனா முதல்ல கண்ணைக் காட்டணும்ல? காட்டாம எப்படிங்க?

— திங்கக்கிழமை போன் பண்ணுவியா?

— பண்ணுவேன். நீங்க என்கூடப் பேசாமலே போனாலும் பண்ணுவேன்.

— வேண்டாம்.

— ஏங்க—

— நீ பண்ண வேண்டாம்னு சொன்னேன். நானே பேசறேன். இப்பவே.

— இன்னிக்கு சனிக்கிழமை. ஆபீஸ் இருக்காது.

— மேனேஜர் போனை எடுப்பாரு. திங்கக்கிழமை வரைக்கும் விட்டா நான் வேற எதையாவது மனப்பாடம் பண்ணிட்டு வந்து நிப்பேன். என் சட்டைப் பையில போன் இருக்கு, எடு.

— இந்தாங்க.

— என்கிட்ட ஏன் நீட்டறே? நீயே நம்பரைத் தேடிப் போட்டுக் குடு. ரெண்டு மாசமா உன்னைக் கூப்பிடணும்னாலே அந்த மழைக்கோட்டுப் பாப்பாகிட்டத்தான் போனைக் கொடுக்கறேன். இப்பதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகறா. உன் பேரை அவதான் தேடி அழுத்தறா.