இது அந்தப் புண் இல்ல, மாமா

"ஹலோ… ஆங், சோபனாதான். சொல்லு மாமா… ஆமா, ஆமா, ஆஸ்பத்திரிலதான். நாளைக்கு ஆபரேஷன்… இன்னாது, களிம்பா?"

காதில் அழுத்தினால் காதில் கொப்புளம் வந்துவிடும் என்பதால், போனைத் தலையணைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள் சோபனா. லேசாக உரசினாலே உரிந்துபோகும் தோல் அவளுக்குப் பிறவியிலிருந்தே. ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசிலிருந்து நேராக வேலூர் வார்டுக்கு வந்திருந்தாள். கலவையிலிருந்து பேசியவர் தாய்மாமன் முனிரத்தினம்.

"ஓ, சித்தூர் வைத்தியரா! சொறி, சிரங்கு, மூட்டுவலி… இப்ப கேன்சரும் சேத்துட்டாரா? போர்டுல எடம் இருக்குதா?… இல்ல மாமா, இது அந்தப் புண் இல்ல. மத்ததெல்லாம் காயும், திரும்பக் கிளம்பும். கையில இருக்குற இது காயவே இல்ல. தடிச்சி, ஓரமெல்லாம் மேல ஏறி… ம்… நானும் பத்தோட ஒண்ணுன்னு துணியச் சுத்திக்கினு வேலைக்குப் போனேன். அவ்ளோ அறிவாளி நான்."

"…கரண்டா? அந்த ரேடியேஷன் கரண்டு வெச்சா நம்ம தோலு தாங்காதாம். வெட்டித்தான் எடுக்கணும், சுத்தி நல்ல சதையும் சேத்து… ஆமா, ஆமா, வெட்டுனா பரவும். டீக்கடையில ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்களா?… கை இப்போதைக்குப் போகாது. திரும்ப வந்தா போகலாம்னு டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க… கல்யாணமா! ஏன், மாப்பிள்ளைங்க வாசல்ல கியூவுல நிக்கிறாங்களா?"

"…வாடையா? வந்துச்சி… வலி ஜாஸ்திதான்… ரத்தமா? துணி மாத்தும்போதெல்லாம். ஏன், கம்பவுண்டர் வேலைக்குப் போறியா, இவ்ளோ விவரமா கேக்குற?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாமாவின் மகள் ஹேமலதாவுக்கும் இதே தோல்தான். சோபனா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா… ஹேமாவுக்கா?… எங்க?… கணுக்கால்லியா. எப்பத்துலருந்து?… தீபாவளிக்கு முன்னாடியேவா! யார்கிட்டயும் சொல்லாம களிம்பு பூசிக்கினு… பேஷ். எனக்குப் புத்தி சொல்ல வந்துட்ட… மாமா, அழாத. இன்னா மாமா… போன அவகிட்ட குடு."

போனைத் தலையணையோடு மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஹேமா… நான்தான்டி… எனக்கும் பயமாதான் இருக்கு. நெசமா… காலு போயிடுமான்னு எனக்குத் தெரியாது, பொய் சொல்லமாட்டேன். மொதல்ல துளி சதை எடுத்துப் பாப்பாங்க. கேன்சரா இல்லாமலும் இருக்கலாம். இருந்தா சீக்கிரம் எடுக்கணும், அவ்ளோதான்… உடனே இங்க வேலூருக்கு வா. பஸ்ஸு வேணாம், கூட்டத்துல இடிச்சி உரிச்சிடுவாங்க… அப்பா ஒத்துக்கலன்னா? உன் காலுடி அது. நீயே கெளம்பு… இன்னா? அப்பா எங்க?… கார் கேக்கப் போய்ட்டாரா? இப்பவேவா?… சரி. சரிடி. வெச்சிடு. டாக்டரம்மா வார்ட விட்டுப் போறதுக்குள்ள நீ வர்றத நான் ஓடிப்போய்ச் சொல்லணும்… ஆங், ஓடல, ஓடல. நடந்துதான் போறேன். வெச்சிடு!"