வெடி நின்ற வண்டி

உங்கள் ஜீப்பில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது சார். என்னை ஏற்றிக்கொண்டு வரும்போதே காதில் விழுந்தது. கைதானவன் போலீஸ் வண்டியைக் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும் என்று பேசாமல் வந்தேன். நாளைக்கு யாரையாவது விட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் வலியுல்லா. ராயப்பேட்டைச் சந்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிகள் மட்டும்தான் பார்ப்பேன். பிரிஸில்லா அம்மா செத்துப்போனது என்னுடைய கவனக்குறைவால் என்று நீங்கள் எழுதியதை ஏட்டையா படித்துக் காட்டினார். அதில் எனக்குச் சம்மதமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் புருஷன் லியோனார்ட் சாந்தோம்காரர், ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்துப் பச்சைக் கார் ஒன்று வைத்திருக்கிறார். அம்மாவுக்குக் கேன்சர். அடையாறு ஆஸ்பத்திரிக்கு அவரே ஓட்டிக்கொண்டு போய் அவரே கூட்டி வருவார். ஊசி போட்ட களைப்பில் அம்மா பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருவார். தூசி ஆகாது என்று பின்னால் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும்.

வண்டியில் ஒரு கோளாறு. பாலம் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் டமார் என்று வெடிக்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்பவன் திட்டுவான். பின்னால் படுத்திருக்கிற அம்மாவுக்கு ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிவாரிப் போடும்.

லியோனார்ட் பார்ப்பதற்குச் சுத்தமான மனுஷர். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் பவுடர். ஆனால் வண்டிச் சாவியைக் காதில் விட்டுக் குடைவார், வெளியே எடுத்து மோந்து பார்ப்பார், அதையே என் கையில் கொடுப்பார். மூக்கை நோண்டி சீட்டுக்கு அடியில் தடவுவார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு வேலை பார்க்கிறவன் நான். ஓட்டும்போது தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி வைத்து, வழியெல்லாம் காறித் துப்பிக்கொண்டே போவார். கதவில் வழிந்து காய்ந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் நான் அந்தக் கதவைத் தொடுவேன். ச்சீ, சொல்லும்போதே உடம்பு கூசுகிறது. என் கையில் இருப்பது கிரீஸ் சார். அது அழுக்கில் சேர்த்தி இல்லை, சோப்பு போட்டால் போய்விடும்.

போன வாரம் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

"இன்னா பாய், வெடி நிக்கவே மாட்டேங்குது. தெருவுல மானம் போவுது."

"குந்துங்க சார், பாத்துரலாம்," என்றேன்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், டைமிங் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் வாயைப் பழந்துணியால் அழுத்தும்படி லியோனார்டிடம் சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்துக் காது கொடுத்தேன். எங்கேயாவது கசிந்தால் உஸ்ஸென்று சத்தம் வரும். வந்தது. பின் சீட்டுக்கு நேர் கீழே, பைப்பும் பைப்பும் சேருகிற இடத்தில் பேக்கிங் எரிந்துபோயிருந்தது. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் வருகிற பெட்ரோலோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. அதுதான் வெடி. வண்டிக்குள்ளே காலடி ரப்பர் மேட்டைத் தூக்கினேன். இடது பக்கம் தகரம் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தரை தெரிந்தது.

அங்கே கசிகிற புகை வண்டிக்குள்தான் ஏறும். மூடிய வண்டிக்குள் அந்தப் புகை ஆளைக் கொல்லும். இது எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பேக்கிங் வாங்கி வைத்தேன். கார்புரேட்டரையும் பிரித்து, பெட்ரோல் வருகிற ஊசித்துளை ஜெட்டுகளை ஊதிக் காயவைத்தேன். தகரம் வைத்து அடைக்க, வெல்டிங் பீர் முஹம்மதுவுக்கும் சொல்லிவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கார்புரேட்டர் துடைக்கிற வெள்ளைத் துணி தனி. என் மனைவி உம்மே ஹானி அதைக் கொதிக்கிற தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கொடுப்பாள். வேறு யாரும் தொடக் கூடாது, துரும்பு ஒட்டினாலும் ஜெட் அடைத்துக்கொள்ளும். நான் வண்டிக்கு அடியிலிருந்து பார்க்கிறேன், லியோனார்ட் அந்தத் துணியை எடுத்தார். அதில் மூக்கைச் சிந்தினார். விரித்துப் பார்த்தார். பிறகு நான் மடித்த மாதிரியே மடித்து, ஜெட்டுகளின் மேல் போர்த்தி வைத்தார். தூக்கி எறிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் சார். மடித்து வைத்தார்.

வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பியபோது மனசு தெளிவாக இருந்தது.

"மத்ததெல்லாம் விடு பாய். சத்தம் நின்னா போதும்," என்றார் அவர்.

சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினேன், வெடி அடங்கியது. பெட்ரோலைக் கூட்டினால் புகையில் விஷமும் கூடும், அதுவும் தெரியும். பேக்கிங்கை மாற்றவில்லை. மேட்டைப் பழையபடி விரித்தேன். பீர் முஹம்மதுவிடம் வெல்டிங் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வண்டியை நானே சாந்தோமுக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றிருந்த பிரிஸில்லா அம்மா, படியில் மெதுவாக இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார்.

"நீங்க நல்லா இருக்கணும் பாய். இந்த வெடிக்குப் பயந்தே என் பாதி உசுரு போய்க்கினு இருந்துச்சு. கட்டி கரைஞ்சிடுச்சாம், இன்னைக்கு ஒரு ஊசியோட முடிஞ்சுதாம். இனிமே நிம்மதியா தூங்கிக்கினே வருவேன்."

"தூங்குங்கம்மா," என்றேன்.

"எந்தப் பக்கம் தலை வச்சா குலுக்கல் கம்மியா இருக்கும் பாய்?"

இடது பக்கம் என்றேன். பொய் இல்லை சார், வலது பக்கத்து ஸ்பிரிங் பட்டை தொய்ந்திருந்தது. தலையணையை வாங்கி நானே அந்தப் பக்கம் வைத்தேன்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது மழை. அடையாறில் வண்டிகள் அசையாமல் நின்றிருக்கின்றன. லியோனார்ட் மழையிலும் கண்ணாடியை இறக்கித் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தலைவலியோடு தப்பித்தார். வீட்டு வாசலில் நிறுத்தி எழுப்பியிருக்கிறார், அம்மா எழுந்திருக்கவில்லை.

நேற்று அவர் இங்கே வந்தாரே, பார்த்தீர்கள்தானே. மூக்கைத் துடைத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாய் தெரியாம பண்ணிட்டாரு சார், அவரை விட்ருங்க," என்று உங்களிடம் கெஞ்சினார். அவர் போனதிலிருந்து கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன், அந்த ஈரம் போகவில்லை. அந்த ஆள் என்னை மன்னிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

லியோனார்டைக் கொல்ல நினைத்து அம்மா பலியானார் என்று எழுதாதீர்கள். அவர் கண்ணாடியை இறக்கி வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் செத்தால் அவருக்கு என்ன வலி சார்? பின்னால் யார் படுப்பார், ஓட்டை எந்தப் பக்கம், எல்லாம் தெரிந்துதான் தலையணையை வைத்தேன். அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, தங்கமான மனுஷி. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் வேண்டாம். லியோனார்டையே கேட்டுப் பாருங்கள், வீடு வந்து சேரும்வரை வண்டி ஒரு தடவைகூட வெடிக்கவில்லை.