தோளில் வலையோடு ஒருவன்

காட்டுக்குள் கடல் மணந்து பார்த்திருக்கிறீர்களா?

கட்டாரில் வேலைக்கு வந்த நாங்கள் தங்கும் கரண்ட் போன அறையில், கட்டிலோரம் ஒட்டி இருந்தவர்களிடம் நான் இப்படித்தான் தொடங்கினேன்.

"இஞ்ச காடுமில்ல, கடலுக்குப் போக லீவுமில்ல. கதையைச் சொல்லு மச்சான்," என்றான் ஓட்டமாவடி மர்சூக்.

இது என் மச்சானின் பெரியப்பா நல்லரத்தினத்துக்கு நடந்தது. 2009. சண்டை முடிந்து மூன்றாம் மாதம். இரவு ஏழரை. உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் காட்டுப் பாதை. தொலைந்த எருமையைத் தேடி அவரும் தேன் எடுக்கும் இளையதம்பியும்... முன்னால் கிளை முறியும் சத்தம். யானை. ஓடிப்போய் ஒரு மலைக்குகையில் ஏறிவிட்டார்கள்.

நல்லரத்தினம் முன்பு பெரியகல்லாற்றில் மீன்பிடித்தவர். மனைவி கண்ணகையைச் சுனாமி கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. மகன் ரதீஸைச் சண்டை கொண்டுபோனது, செய்தியே இல்லை. கண்ணகை படத்துக்கு மாலை உண்டு. ரதீஸ் படத்துக்குப் போட அவர் யாரையும் விடவில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் குகைச் சுவரெங்கும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மனிதர்கள். கையில் வில்.

"இதார்ரா கீறினது?"

"அந்தக் காலத்துப் பொம்பிளைகள், அண்ணன். மனிசன் வேட்டைக்குப் போனா, சாம்பலை எச்சில்ல குழைச்சு அவனைக் கீறி வைப்பாளாம். வந்தா தன்ட கையாலயே அழிப்பாளாம்."

"அப்ப இஞ்ச கிடக்கிறவங்க?"

"வராத ஆக்கள்." இளையதம்பி திரும்பிப் படுத்தான். "படுங்க. ஆனை கல்லேறாது. எனக்கு உங்கட குறட்டைக்குத்தான் பயம்."

நடுச்சாமம்.

சர்... சர்... ஈர விரல் கல்லில் தேயும் சத்தம். நிற்கும். யாரோ வாயில் எச்சில் கூட்டுவது கேட்கும். மறுபடி... சர்... கூடவே உப்பு மணம். பாசி மணம். கடல் அங்கிருந்து இருபது மைல்.

டோர்ச் அடித்தார். ஆளில்லை. வில்லுக்காரர் நடுவே புதிதாய் ஒருவன். ஈரம் காயவில்லை. இடது தோளில் வீச்சுவலை.

ரதீஸ் இடக்கைக்காரன். வலையை இடது தோளில்தான் போடுவான்.

கீறுவது கண்ணகைதான். அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்றால், மகன் அவளிடம் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறான்... வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சிரித்தார்.

"கீறு கண்ணகை," என்றார் இருட்டைப் பார்த்து. "அழிச்சிராத... நம்மட புள்ளய அழிச்சிராத."

அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

விடிந்ததும் பார்த்தார். வில்லுக்காரர் எல்லாரும் இருந்தார்கள். வலைக்காரன் இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கல் ஈரமாய்த் துடைபட்டுக் கிடந்தது. வீட்டுக்கு வந்து ரதீஸ் படத்துக்கு மாலை போட்டார்.