பட்டாணிக்கு யார் வாத்தியார்?

மனைவி: ...மழுப்பாம சொல்லுங்க. நம்ம நாய்க்குட்டி பட்டாணியை அடிச்சீங்களா?

ஜவுளிக்காரர்: நானா? கடையில துணியைக்கூட ஓங்கி உதறாதவன் நான்.

மனைவி: அப்புறம் எப்படி? போன வாரம் வரைக்கும் என் செருப்பைக் கவ்வினா குதறாம விடாது. இன்னைக்கு நீங்க "வைப்பா"ன்னீங்க, பூ மாதிரி கீழ வச்சுட்டு நிக்குது.

ஜவுளிக்காரர்: நாய் டாக்டர் சொன்ன வழிதான். அடி கூடாது, அதட்டல் கூடாது. சொன்னதைச் செஞ்சா அந்த நொடியே வாய்ல ஒரு துண்டு தீனி.

மனைவி: டாக்டர்கிட்ட நானும்தானே வந்தேன்? ரெண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லணும்னாரு, "விடு"ன்னு பேசி வச்சோம். இந்த "வைப்பா" எங்கேருந்து முளைச்சுது?

ஜவுளிக்காரர்: அது... வாய்ல தானா வந்துச்சு.

மனைவி: இந்த மாடிப்படியில "வைப்பா, எடுப்பா"ன்னு இழுக்கற ஆளு ஒருத்தர்தான்.

ஜவுளிக்காரர்: ஆரம்பிச்சுட்டியா! கீழ்வீட்லயே இருக்கற என் அண்ணன் முகத்தை மூணு வருஷமா நான் ஏறிட்டுப் பாத்திருக்கேனா?

மனைவி: நான் யாரு பேரையாவது சொன்னேனா? நீங்களா ஏன் துள்றீங்க?

ஜவுளிக்காரர்: சரி, என்னைக் குடைஞ்சது போதும். நான் ஒண்ணு கேக்கறேன். சோத்துத் தட்டை வச்சா பட்டாணி இப்ப பாயறதில்ல. உட்கார்ந்து உன் மூஞ்சியைப் பாக்குது. நீ தலையாட்டினாத்தான் வாய் வைக்குது. யாரு பழக்கினது?

மனைவி: நான்தான். வேற யாரு இருக்கா இங்க?

ஜவுளிக்காரர்: உனக்கா அவ்வளவு பொறுமை? குக்கர்ல மூணாவது விசில் வரைக்கும் நிக்க மாட்டே நீ.

மனைவி: ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும்னாரே டாக்டர்...

ஜவுளிக்காரர்: இரு, முடிக்கல. பத்து மணிக்குப் பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போற, ரெண்டு மணிக்கு வர்ற. நாலு மணி நேரம் தனியா கிடக்கற குட்டி தரையில ஒரு சொட்டுகூட போகல. எப்படி?

மனைவி: நல்ல குட்டி.

ஜவுளிக்காரர்: நல்ல குட்டி வாய்ல கேரட் வாசம் வருது. நம்ம வீட்ல கேரட் வாங்கி எத்தனை நாளாச்சு?

மனைவி: ...கூட வேலை பாக்கறவ ஒருத்தி குடுத்தா.

ஜவுளிக்காரர்: பல் ஆஸ்பத்திரியில நாய்க்குக் கேரட் தர்றாங்களா! ஏம்மா, இருபது வருஷமா துணி மடிக்கறவன் நான். வேற கை பிரிச்சு மடிச்சு வச்சிருந்தா பத்தடி தள்ளி நின்னே சொல்லிடுவேன். இந்தக் குட்டி காலை மடிச்சு உட்கார்ற அழகு... உன் மடிப்பு இல்ல அது.

மனைவி: உங்க மடிப்பும் இல்ல. ஆறு மணிக்கு வாக்கிங்னு கூட்டிட்டுப் போறீங்க. செவ்வாய்க்கிழமை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு, அன்னைக்கும் ஒரு மணி நேரம். திரும்பி வந்தப்ப குட்டி நனையல. குடையும் நனையல.

ஜவுளிக்காரர்: ஒரு மரத்தடியில ஒதுங்கினோம்...

மனைவி: குடை நனையாத மரமா? எந்தத் தெருவுல இருக்கு?

ஜவுளிக்காரர்: இங்க பாரு. அந்தத் தண்ணி மோட்டார் சண்டையில அண்ணி உன்னை எடுத்தெறிஞ்சு பேசினாங்க. உனக்காகத்தான் அவங்க வாசலையே மிதிக்கறதில்ல நான். அதை மறந்துடாதே.

மனைவி: நான் மட்டும் என்னவாம்? "மோட்டாரை அணைக்கக்கூடத் தெரியாதவன்"னு உங்க அண்ணன் உங்களைச் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கீழ்வீட்டு அக்காகூட நான் பேசறதில்ல. உங்களுக்காக!

ஜவுளிக்காரர்: அப்ப சரி.

மனைவி: சரிதான்.

ஜவுளிக்காரர்: ...வாசக்கதவைச் சாத்தினியா?

மனைவி: நீங்கதானே பேப்பர் எடுக்கத் திறந்தீங்க? ஐயையோ, பட்டாணி!

ஜவுளிக்காரர்: படியில இறங்குது! கத்தாதே... கத்தினா மிரண்டு தெருவுக்கு ஓடிடும்.

மனைவி: ஓடல. நின்னுடுச்சு.

ஜவுளிக்காரர்: எங்க?

மனைவி: கீழ்வீட்டு வாசல்ல.

ஜவுளிக்காரர்: உட்கார்ந்துடுச்சு வேற. கதவையே பாத்துக்கிட்டு, வாலை ஆட்டிக்கிட்டு...

மனைவி: எல்லாம் உங்க வாக்கிங் பழக்கம்!

ஜவுளிக்காரர்: என் பழக்கமா? உட்கார்ந்து காத்திருக்கறது உன் சோத்துத் தட்டு வித்தை!

மனைவி: மெதுவா பேசுங்க, உள்ள கேக்கும். போய்த் தூக்கிட்டு வாங்க.

ஜவுளிக்காரர்: நான் அங்க காலை வைக்க மாட்டேன். நீ போ.

மனைவி: நான் மட்டும் வைப்பேனா?

ஜவுளிக்காரர்: உஷ்... தாழ்ப்பாள் சத்தம்.

கீழ்வீட்டு அண்ணி: வாடா பட்டாணி! அட, இன்னைக்கு என்ன, ஆறு மணி ஆளும் பத்து மணி ஆளும் சேர்ந்தே வந்திருக்கீங்க? "மாடிக்குத் தெரிய வேண்டாம்"னு ரெண்டு பேரும் தனித்தனியா கெஞ்சினீங்களேன்னு உங்க அண்ணனும் நானும் வாயே திறக்கல. படியிலயே நிக்காம உள்ள வாங்க... ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தருக்குக் காபி போட்டு எனக்கு அலுத்துப் போச்சு.