வியாழக்கிழமை வரும் ஃபோன்

– அந்தத் தூக்கை வண்டிலயே வெச்சுட்டு வா தனம். சொன்னாக் கேளு.

– ஏனுங்க, ஒம்போது பேருக்கு அளவா அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் ஊத்திக் கொண்டாந்திருக்கேன். ஆறிப் போயிருமுங்க.

– ஆறட்டும். சிட்டி கவுன்சில் மெம்பருங்க ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சாப்பாடு குடுத்தா அதுக்குப் பேரு லஞ்சம். இந்த ஊர்ல அதுக்கு ரூல் இருக்கு.

– சோறு எப்புடிங்க லஞ்சமாகும்? உங்க பெரியப்பா கோபில கவுன்சிலருக்கு நின்னப்ப வார்டுக்கே பிரியாணி போட்டாங்க.

– அதைத்தான் நானும் சொல்றேன்.

– எல்லாரும் நல்லாத் தின்னுப்போட்டு எதிர்க்கட்சிக்குத்தான் குத்துனாங்க. அப்பறம் எங்கிருந்துங்க லஞ்சம்?

– பாயிண்ட் அது இல்ல தனம்.

– அந்த ஆல்சனம்மாவப் பாருங்க. போன மீட்டிங்ல பையிலிருந்து பிஸ்கோத்து எடுத்து மேசைக்குக் கீழ மறைச்சு மறைச்சுத் தின்னாங்க. டிவில நானே பாத்தேன். பாவம், வேலை முடிச்சு நேரா வர்றாங்க. பசியோட கையைத் தூக்கறவங்க நல்லதுக்கா தூக்குவாங்க? சரி விடுங்க, ஓட்டுப் போட்டு முடிஞ்ச பொறகு குடுக்கறேன். அப்ப ஆரும் கேக்க முடியாதுங்களே.

– ஜெயிச்சா குடுப்பியா, தோத்தா குடுப்பியா?

– ரெண்டுக்குந்தானுங்க. தோத்துப் போனா சோத்தைத் திருப்பிக் கொண்டு போறதுங்களா?

– ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டறேன். மீட்டிங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வெளில பனில நிக்க முடியாது. இப்படியே வண்டில உக்காந்து கொஞ்சம் லாஜிக்கலா பேசலாம்.

– லாஜிக்குன்னு ஆரம்பிச்சாலே எனக்குத் தெரியுமுங்க. வேண்டாம்னு சொல்லப் போறீங்க.

– வேண்டாம்னு சொல்லல. இது நமக்குத் தேவையான்னு கேக்கறேன். கிரீன் கார்டு இன்னும் வரல. நீ என் விசாவுல ஒட்டிட்டு இருக்கே. இந்த நேரத்துல மைக்கு முன்னாடி நின்னு ஊர் அரசியல்ல தலையக் குடுத்து, நாளைக்குப் பேப்பர்ல ‘தனபாக்கியம் நஞ்சுண்டன்’னு பேரு வந்து, அது எவன் கண்லயாவது பட்டு...

– என்னங்க, நான் சம்பளம் வாங்கிட்டா சமையல் சொல்லித் தர்றேன்? என்ற விசாவுல வேலைக்குப் போகக் கூடாது. போகல. இந்த ஊரு கேபிள் சேனல்ல ஆரு வேணாலும் வந்து ஓசில நிகழ்ச்சி நடத்தலாமுன்னாங்க. நடத்தறேன். லைப்ரரிக்குக் கீழ ஒரு ரூமு, ஒரு கரண்ட் அடுப்பு, கேமரா புடிக்க ஒரு காலேஜுப் பையன். வியாழக்கெழம ஆனா அரை மணி நேரம். இதுல எந்தச் சட்டம் ஒடைஞ்சு போச்சுங்க?

– ஒண்ணும் ஒடையல. ஆனா அந்த ரூமே இன்னியோட முடியப் போகுது. கேபிள் கம்பெனி ஊருக்குக் குடுக்கற பணத்துலதான் அந்த ஸ்டுடியோ ஓடுது. அதை எடுத்து ஸ்டேடியத்துக்கிட்ட பார்க்கிங் கட்டலாம்கறான் அந்தக் கவுன்சில் மெம்பர் டென்னிஸ். ஃபுட்பால் இருக்கற சனிக்கிழமை வண்டி நிறுத்த எடம் இல்லாம சுத்தறவன் எல்லாம் அவன் பக்கம்தான். நீ மூணு நிமிஷம் பேசி இதை மாத்திட முடியுமா?

– நாலு பேரு அவரு பக்கம். நாலு பேரு நம்ம பக்கம். ஆல்சனம்மா மட்டும் இன்னும் ஊசலாடிக்கிட்டிருக்குது.

– உனக்கு எப்படித் தெரியும்?

– உங்களுக்கு லேப் இருக்குது, சோளத்துக்கு வர்ற சீக்கு இருக்குது. எனக்கு இந்த இல்லினாய்ல என்னங்க இருக்குது? நாலு வருஷமா ஒரு மீட்டிங் உடாம அதே சேனல்ல பாக்கறேன். ஆருக்குப் பொய் சொன்னாக் காது செவக்கும், ஆரு ஆர்கூடப் பேச்சு வார்த்தை இல்ல, எல்லாம் அத்துப்படி. சீரியல் மாதிரித்தானுங்க. அழுகைதான் இல்ல.

– என் ஃபிரண்டு சேனாபதி சான்டா கிளாராலேருந்து போன வாரம்கூடக் கூப்பிட்டான். ஒய் டூ கே கம்ப்யூட்டர் வேலைக்கு ஆளு கெடைக்காம அலையறாங்களாம். நீயும் வாடா, ஆறு மாசம் படிச்சா போதும்கறான். அங்க போனா தெருவுக்குத் தெரு தமிழ் ஆளுங்க. இந்த மாதிரி மைக்கப் புடிச்சுத் தொங்க வேண்டாம்.

– அங்க வந்து நான் என்னங்க பண்றது? அவரு சம்சாரம் ஹைவேல எந்த எக்ஸிட்ல எறங்குனா எந்தக் கடைன்னு சொல்லிட்டு இருக்கும். கேட்டுக்கிட்டு இருக்கறதுங்களா?

– சரி. பேசறேன்னே வெச்சுக்க. என்ன பேசுவே? சொல்லு, கேக்கறேன்.

– போன மீட்டிங்ல டென்னிஸ் என்ன கேட்டாரு? ‘இந்தச் சேனலை ஆரு பாக்கறாங்க? நிகழ்ச்சி நடத்தறவங்களுக்குச் சொந்தக்காரங்களா இல்லாத ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க பாப்பம்’னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. செவ்வாக்கெழம அக்கார்டியன் வாசிக்கற அந்தத் தாத்தா அங்கதான் உக்காந்திருந்தாரு. அவரு மொகம் செத்துப் போச்சுங்க. மண்புழு வளர்க்கறதப் பத்திப் பேசுமே ஒரு புள்ள, அது எந்திரிச்சு வெளிய போயிருச்சு. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

– அவன் அரசியல்வாதி. அப்படித்தான் பேசுவான்.

– அந்த ஒரு ஆளை நான் காட்டப் போறேனுங்க.

– யாரை?

– வால்ட்டரை.

– எந்த... எந்த வால்ட்டர்?

– உங்களுக்குத் தெரியாதுங்களா? நான் அடுப்புகிட்ட நிக்கறப்ப வாராவாரம் ஒருத்தரு ஃபோன் பண்ணுவாரே. கெழக்குப் பக்கம் குடியிருக்கற பெரியவரு. ‘ஹலோ டானம்’னு கூப்புட்டு ஒரு கேள்வி கேட்டுப்போட்டு, நான் சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்து, தேங்க்யூ சொல்லி வெச்சிருவாரு. ரெண்டு வருஷமா ஒரு வாரம் தப்புனதில்ல.

– தனம், அவர் பேரை இதுல இழுக்காத.

– ஏனுங்க?

– ப்ரைவஸின்னு ஒண்ணு இருக்கு. வயசானவர். அவரைக் கேக்காம மைக்குல பேரைச் சொல்லக் கூடாது.

– காலைல பேப்பருக்காரப் புள்ள ஒண்ணு கூப்புட்டுது. வால்ட்டரப் பத்திச் சொன்னேன். நெம்ப சந்தோசப்பட்டுது. நாளைக்கே அவரத் தேடிப் புடிச்சுப் பேட்டி எடுக்கறேன்னு சொல்லிருச்சு.

– ஐயோ. சொல்லிட்டியா?

– ஏனுங்க, மொகமெல்லாம் வேர்க்குது? ஹீட்டரு சாஸ்தியாயிருச்சா?

– அந்தாளு வீட்ல கேபிளே இல்ல தனம்.

– அது உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?

– இரு, ஹீட்டரைக் குறைக்கறேன்.

– கேக்கறேனில்லீங்க.

– வால்ட்டர் எங்க டிபார்ட்மெண்ட் கிரீன்ஹவுஸ்ல இருக்கார். சோளத் தொட்டிக்கெல்லாம் தண்ணி ஊத்தறவர். நான்தான்... நான்தான் அவரை ஃபோன் பண்ணச் சொன்னேன். திட்டணும்னா திட்டு. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தப் பேப்பர் பொண்ணு அவரைப் புடிச்சுக் கேட்டா அவர் மறைக்க மாட்டார். நஞ்சுண்டன் கேட்டார், பண்ணேன்னு சொல்லிடுவார். அதை வெச்சு டென்னிஸ் உன்னை என்ன பாடு படுத்துவான்னு நெனச்சுப் பாரு. ஊரே சிரிக்கும். உன்னைப் பாத்து யாரும் சிரிக்கறதை என்னால உக்காந்து பாக்க முடியாது.

– எப்ப இருந்துங்க இது?

– ரெண்டாவது வாரத்துலேருந்து. மொத வாரம் நீ எவ்வளவு ஆசையா போனே. ஸ்கிரீனுக்குக் கீழ ஃபோன் நம்பர் ஓடிட்டே இருந்துது. நீ கொள்ளு தாளிச்சுக்கிட்டே அந்த ஃபோனைப் பாக்கறே, கேமராவைப் பாக்கறே, திரும்ப ஃபோனைப் பாக்கறே. கடைசில ஒரே ஒருத்தன் கூப்பிட்டான். அவனும் பீட்ஸா கடைன்னு நெனச்சு.

– பெப்பரோனி கேட்டான்.

– லேப்ல எல்லாரும் போனப்பறம் நான் தனியா டிவிய போட்டுப் பாத்துட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தா நீ வெளக்குன பாத்திரத்தையே திரும்பத் திரும்ப வெளக்கிட்டிருந்தே. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. உனக்குத்தான் தெரியுமே, எனக்கு அதெல்லாம் வராது.

– நீங்களே கூப்புட்டிருக்கலாமுங்களே.

– என் குரல் உனக்குத் தெரியாதா? அதான் அவரைக் கேட்டேன். மனுஷன் ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. கிரீன்ஹவுஸ் ஃபோனை எடுத்து, என்ன பேசணும் சொல்லுன்னார்.

– அப்ப கேள்வியெல்லாம்?

– அவருக்கு என்ன தெரியும்? உருளைக்கெழங்கைத் தவிர ஒண்ணும் தெரியாது. நான்தான் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுப்பேன்.

– எல்லாமேங்களா?

– எல்லாமே.

– பகல்ல தனியா இருக்கறப்ப ஆரோட பேசுவீங்கன்னு ஒருதரம் கேட்டாரே. அது?

– நான்தான்.

– ஃபிரிட்ஜோடன்னு சொன்னேன். கேமராப் பையன் சிரிச்சுப்போட்டான்.

– நான் சிரிக்கல.

– அதுக்கப்பறந்தான் மத்த நாளெல்லாம் அஞ்சு மணிக்கே வூட்டுக்கு வர ஆரம்பிச்சீங்க. எக்ஸ்பெரிமெண்ட் சீக்கிரம் முடிஞ்சு போச்சுன்னீங்க.

– எக்ஸ்பெரிமெண்ட் எங்க முடிஞ்சுது. அதுபாட்டுக்குக் கெடந்துது.

– போன வருஷம் பனி கொட்டுன அன்னிக்கு ஒண்ணு கேட்டாரு. முன்ன செஞ்சுட்டிருந்து இப்ப செய்யறதையே உட்டுட்ட பண்டம் எதாவது இருக்குதான்னு.

– தனம்...

– அதும் நீங்கதானுங்களா?

– ஆமா.

– உளுந்தங்களின்னு சொன்னேன். மாசமா இருக்கறவங்களுக்கு இடுப்புக்குப் பலம்னு கிண்டிக் குடுப்பாங்க, இங்க ஆரும் இல்லாததால எனக்கு நானே கிண்டிக்கிட்டேன், அப்பறம் அதுக்கு வேலையில்லாமப் போச்சு, அதோட அந்த உளுந்து டப்பாவத் தொறக்கலன்னு சொன்னேன். இங்கிலீஷ்ல எப்புடிச் சொன்னேன்னே தெரியல. ஃபோன்ல ஒரு கதவு சாத்தற சத்தம் கேட்டுது. பொறகு ‘ஐ ஆம் சாரி, டானம்’னு சொன்னாரு.

– அது நான் சொல்லிக் குடுத்தது இல்ல. நான் வெளில போயிட்டேன். அது அவரே சொன்னது. ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்பறம் எத்தனையோ நாள் கேக்கணும்னு நெனச்சேன். சாப்பிட உக்காந்தா வாய் வரைக்கும் வரும். நீ மோர் ஊத்தட்டுங்களான்னு கேப்பே. நானும் ஊத்துன்னு சொல்லிடுவேன். அவ்வளவுதான். உனக்கு வலிச்ச மாதிரி எனக்கும் வலிச்சுது தனம். சொல்லத்தான் தெரியல. ...சரி, எப்படிப் பாத்தாலும் நான் பண்ணது பொய்தான். ரெண்டு வருஷமா உன்னை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடு.

– ஆருங்க ஏமாந்தது?

– என்ன?

– வால்ட்டரு மொத மொத கூப்புட்டப்ப என்ன கேட்டாரு, ஞாபகம் இருக்குதுங்களா?

– என்னமோ ரசம் பத்தி.

– என்னமோ ரசமில்லீங்க. அடுப்புலயே வெக்காம, புளியக் கரைச்சு, சின்ன வெங்காயமும் பச்ச மொளகாயும் போட்டு ஒரு ரசம் வெப்பாங்களாமே, அது எப்புடின்னு கேட்டாரு. பச்சப்புளி ரசம். ஏனுங்க, கெழக்குப் பக்கத்து வெள்ளக்காரரு கனவுல பச்சப்புளி ரசம் வருமுங்களா? இந்த ஊருல அதைத் தின்ன நாக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்றது.

– மொத ஃபோன்லயே கண்டுபுடிச்சுட்டியா?

– உங்களுக்கு அது புடிக்கும்னே அன்னிக்குத்தானுங்க எனக்குத் தெரிஞ்சுது. மறுநாளே வெச்சேன். கேட்டுக் கேட்டு ஊத்திக்கிட்டீங்க, நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை வல்ல. வியாழக்கெழம வால்ட்டரு கூப்புட்டு, நீங்க சொன்னாப்பலயே செஞ்சேன், நெம்ப நல்லா இருந்துச்சுன்னாரு. அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு சிரிச்சுக்கிட்டேன்.

– தெரிஞ்சுகிட்டே ரெண்டு வருஷம் சும்மா இருந்தியா? ஏன் சொல்லல?

– சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நிறுத்திப்போடுவீங்க. அப்பறம் ஆரு என்னைக் கேள்வி கேப்பாங்க?

– அப்ப உள்ள போயி வால்ட்டர் பேரைச் சொல்லப் போறேன்னியே. அந்தப் பேப்பர் பொண்ணுகிட்ட வேற சொல்லி...

– எந்தப் பேப்பருப் புள்ளையும் கூப்புடலீங்க. அப்புடிச் சொன்னாவாவது நீங்களா வாயத் தொறப்பீங்களான்னு பாத்தேன்.

– டென்னிஸைவிடப் பெரிய ஆளா இருக்கியே நீ.

– நாலு வருஷமா மீட்டிங் பாக்கறேனில்லீங்க.

– மணி ஆச்சு. எல்லாரும் உள்ள போறாங்க பாரு.

– அக்கார்டியன் தாத்தா கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காருங்க. வாங்க, போலாம்.

– இரு. ஒரு நிமிஷம் லாஜிக்கலா யோசிப்போம். டென்னிஸ் கேட்டது சொந்தக்காரங்க இல்லாத ஒரு ஆளு. வால்ட்டர் பேரைச் சொல்ல முடியாது. வேற ஒருத்தரும் ஃபோன் பண்ணதில்ல. அந்த ஒம்போது பேருக்கு முன்னாடி நின்னுகிட்டு என்னதான் சொல்லப் போறே?

– உள்ளதத்தான் சொல்லப் போறேனுங்க. ‘என்ற வூட்டுக்காரரு வூட்டுல என்கூடப் பேச மாட்டாரு, உங்க டிவி வழியாத்தான் பேசுவாரு, தயவு செஞ்சு அதை மூடிப்போடாதீங்க’ன்னு.