தம்பியின் ரத்தம்

துண்டு மடிப்பதில் என் தம்பியை மிஞ்ச ஆளில்லை. அவன் வேலை பார்த்த தங்கும் விடுதியின் சலவை அறையில் அடுக்கி வைத்ததைப் பார்த்தால் செங்கல் சுவர் என்று நினைப்பீர்கள். அவனுக்கு ஆட்டிசம். "உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா நான் தூங்கப் போயிடுவேன்டா" என்பார் மேலாளர். "யார் சார் அந்த நாலு பேர்?" என்று கேட்பான்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஆகவே அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லப் போவதில்லை.

நான் கர்ப்பமானதும் மாமியார் தொடங்கினார். "உன் தம்பி மாதிரி பொறந்துட்டா என்னம்மா பண்றது?" கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

மருத்துவரிடம் போனோம். பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் வந்தே தீரும் என்றில்லை என்றார். தம்பியைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வரும், அதிலும் பரம்பரை உண்டு, ஒதுக்கிவைத்தால் முற்றிவிடும் என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

பெற்றோர் போனபின் தம்பி எங்களோடுதான் இருந்தான். குழந்தைக்கென்று குட்டித் துண்டுகள் வாங்கி மடித்து வைத்திருந்தான். ஒரு மாலை அவனை உட்காரவைத்து ஒரு குப்பி ரத்தம் எடுத்தேன். சோதிக்காமல் கொட்டிவிட்டேன். மறுநாள் முடிவு சொன்னேன்.

"உன் ரத்தத்துல இருக்குடா. பாப்பாவுக்கும் ஒட்டிக்கும்."

"துண்டைத் தொட்டாலுமா அக்கா?"

"தொட்டாலும்."

துண்டுகளையெல்லாம் மறுபடி துவைத்துக் கொடியில் போட்டான். அதன்பின் எதையும் தொடவில்லை. வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டு வருவேன். பாதி அப்படியே திரும்பும். ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"நான் எங்க இருந்தா பாப்பாவுக்கு வராது?"

காப்பகம் என்று சொல்லியிருக்கலாம். போயிருப்பான். ஆனால் அங்கே போனாலும் அவன் என் தம்பிதானே.

"எங்க இருந்தாலும் வரும்டா" என்றேன்.

"சரிக்கா."

நான் சொன்னால் அவன் சந்தேகப்பட்டதே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கதவை உடைத்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரத்தத்துலயே இருந்திருக்கு, யார் என்ன பண்ண முடியும்?" என்று அழுதார். நான் மறுக்கவில்லை.

அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைப் பொய்க்காரி என்று எழுதாதீர்கள். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவன் எங்கேயும் இல்லை, அவளுக்கு ஒன்றும் வரவில்லையே.